ஓடி நின்ற பிறகு

போர்க் காட்சிகளை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு மரத்துப்போய்விடும் என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். காஸாவின் இடிபாடுகளை விரலால் மேலே தள்ளிவிட்டு, அடுத்த நொடியே பரோட்டா மாஸ்டரின் ரீலைப் பார்த்துச் சிரிக்கிற நாமும் நம்மைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். கேட்பதற்கு ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு சௌகரியமும் ஒளிந்திருக்கிறது. மரத்துப்போன இடத்தில் வலி தெரியாது. வலி தெரியாததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிடலாம்.

எனக்கு இந்த நோயறிதல் மீதே சந்தேகம் இருக்கிறது. நாம் மரத்துப்போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். நன்றாகவே வலிக்கிறது. அந்த வலிக்குப் போய்ச் சேர ஓர் இடம் இல்லை. அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது: வலியை எந்த உருவத்தில் கண்டால் வலி என்று எடுத்துக்கொள்வது என்பதை இந்தக் காட்சிகளே நமக்குப் பழக்கிவிட்டன.

சூசன் சொன்டாக் இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார். 1945இல், 12 வயதில், கலிபோர்னியாவின் ஒரு புத்தகக் கடையில் நாஜி முகாம்களின் படங்களைத் தற்செயலாகப் பார்த்ததில் தொடங்கியது அது. 1977இல் வந்த புகைப்படம் பற்றிய நூலில், கொடூரத்தின் படங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்போது அவற்றின் உறைப்பு குறைந்துவிடுகிறது என்று வாதிட்டார். 26 வருஷம் கழித்து 2003இல் எழுதிய இன்னொரு நூலில் அந்த வாதத்தைத் தானே கேள்விக்குள்ளாக்கினார். உணர்ச்சியை மழுங்கடிப்பது படங்களின் எண்ணிக்கையா, அல்லது ஒன்றும் செய்ய வழியில்லாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டிய நிலையா? பிற்கால சொன்டாக் இரண்டாவது பக்கம் சாய்ந்தார்.

இதற்குப் பதில் தேட நாம் நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாடு இந்தச் சோதனையைத் தன் உடம்பிலேயே செய்து பார்த்திருக்கிறது.

*

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது நான் பொறியியல் முதலாண்டு மாணவன். எங்கள் விடுதியில் அப்போது யாரிடமும் ஸ்மார்ட்போன் கிடையாது. படங்கள் இமெயில் ஃபார்வர்டில் வந்தன, பென் டிரைவில் அறைக்கு அறை போயின. அந்த வருஷம் ஜனவரி 29ஆம் தேதி, சென்னை சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் என்ற இளம் பத்திரிகைக்காரர் தீக்குளித்து இறந்திருந்தார். அந்தச் சாவை வீரம் என்று பாடிய மேடைகள் உண்டு. எனக்கு அது அப்படித் தெரியவில்லை. ஒரு மனிதனுக்குள் இவ்வளவு துயரம் சேர்ந்து, அதை இறக்கி வைக்கத் தன் உடம்பைத் தவிர வேறு இடமே இல்லை என்று அவன் நினைத்துவிட்டானே என்ற பயம்தான் வந்தது. உயிரோடு இருந்திருக்க வேண்டிய ஆள். எப்படிப் பார்த்தாலும் அது மரத்துப்போனதன் அடையாளம் இல்லை.

அதற்குப் பிறகும் மரத்துப்போகவில்லை. 2011 ஜூனில் சானல் 4 இலங்கையின் கொலைக்களங்கள் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. 2013 பிப்ரவரியில், 12 வயதுப் பாலச்சந்திரன் பிரபாகரன் மணல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கும் படமும், அதே பையன் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கும் படமும் வெளிவந்தன. மார்ச் 8ஆம் தேதி லயோலா கல்லூரி மாணவர்கள் சிலர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சில நாட்களில் மாநிலம் முழுக்கக் கல்லூரிகள் தெருவுக்கு வந்தன. அரசு கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டது. மார்ச் 21இல் ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானத்துக்கு ஆதரவாக இந்தியா வாக்களித்தது. மாத முடிவுக்குள் தமிழகச் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது, சென்னையில் நடக்கும் ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடக்கூடாது என்றும் முடிவானது.

ஒரு படத்துக்கு இவ்வளவு சக்தி உண்டு. அதை மறுக்கிறவன் அந்த மார்ச் மாதத்தை மறந்தவனாக இருக்க வேண்டும். அதே மார்ச் மாதத்தில், சென்னை சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய கும்மிடிப்பூண்டியில், தமிழ்நாட்டின் பெரிய ஈழ அகதி முகாம்களில் ஒன்று இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்த ஊர்வலங்களில் கும்மிடிப்பூண்டியின் பெயர் எத்தனை முறை கேட்டது? நமது வலி ஜெனீவா வரை போனது. கும்மிடிப்பூண்டிக்குப் போகவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

முதலில், பார்ப்பது நமக்கு என்ன செய்கிறது என்று ஓரளவு தெரிந்ததைச் சொல்லிவிடலாம்.

2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுத்தார்கள். சம்பவ இடத்திலோ அதன் பக்கத்திலோ இருந்தவர்களைவிட, அடுத்த வாரத்தில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதிகக் கடுமையான மன அழுத்த அறிகுறிகளைச் சொன்னார்கள். அதாவது, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் காயம் படும்.

இன்னொன்று. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் உலகத்தையே உலுக்கியது. சிரிய அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய நிதிக்குத் தினமும் நன்கொடை தந்தவர்களின் எண்ணிக்கை, படம் வந்த வாரத்தில் நூறு மடங்குக்கு மேல் கூடியது. ஆறு வாரங்களில் அந்த அலை அடங்கிவிட்டது. சிரியாவில் போர் அடங்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிவது மரத்துப்போன சமூகம் இல்லை. கடுமையாக அதிர்ந்து, அந்த அதிர்ச்சியைக் கொஞ்ச நாளுக்கு மேல் தாங்கிப் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிடும் ஒரு சமூகம்.

நான் பிழைப்புக்குச் செய்வது மென்பொருள் வேலை. மாதத்தில் ஒரு வாரம் ஆன்-கால் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கோ ஒரு சர்வர் விழுந்தால் தலைமாட்டில் போன் அலறும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வியாதிக்கு அலர்ட் ஃபட்டீக் என்று பேர். ஒரு நாளைக்கு நூறு அலர்ட் வந்தால், நூற்றியோராவது நிஜமாகவே தீப்பிடித்ததாக இருந்தாலும் கை தானாக அதை அமுக்கிவிட்டுத் தூங்கப் போகும். இதற்கு எந்த மேனேஜரும் 'உன் இதயம் கல்லாகிவிட்டது' என்று சொல்வதில்லை. சிஸ்டத்தைத்தான் திருத்துவார்கள். ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரு ரன்புக் வேண்டும்: இது அடித்தால் முதலில் இங்கே பார், பிறகு இதைச் செய், முடியாவிட்டால் இன்னாரை எழுப்பு. செய்வதற்கு ஒன்றுமில்லாத அலர்ட்டாக இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும்.

நம் கையிலிருக்கும் ஃபீட் இதற்கு நேர்மாறாகக் கட்டப்பட்டிருக்கிறது. அலர்ட் நிஜம். குழந்தை நிஜம், ரத்தம் நிஜம். ரன்புக் மட்டும் வெறும் காகிதம். அந்த வெற்றிடத்தில் ஒரு லைக், ஒரு ஷேர், ஒரு கமெண்ட் பெட்டி. அவை சாகிறவர் நம்மிடம் கேட்டவை இல்லை, நாம் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்பவை. இரக்கத்தையும் கோபத்தையும் குரோதத்தையும் அது ஒரே அளவுகோலில்தான் அளக்கிறது: எத்தனை நொடி நின்றாய்?

2025 மே மாதத்தில், ஆபரேஷன் சிந்தூர் நாட்களில், இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். வீடியோ கேம் காட்சிகள் போர்க் காட்சிகளாகப் பரவின. செய்தி ஸ்டுடியோக்களில் விமானத் தாக்குதல் சைரனை ஒலிக்கவிட்டார்கள். கடைசியில் அரசே அறிவிப்பு வெளியிட்டு, அந்தச் சத்தத்தை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கிரிக்கெட் மேட்ச் பார்க்கிற அதே சோபாவில், அதே குரலில், போருக்கும் வர்ணனை. இதைப் பார்த்தவர்களுக்கும் உணர்ச்சி ததும்பத்தான் செய்தது. உணர்ச்சி இருப்பதே அறம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

*

அப்படியானால் பார்க்காமல் இருந்துவிடலாமா? செய்ய ஒன்றுமில்லாத அலர்ட்டை எடுத்துவிடு என்ற என் தொழிலின் விதி இங்கேயும் பொருந்துமா?

பொருந்தாது. யாரும் பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரிந்த வரலாறுதான். 2008 செப்டம்பரில் இலங்கை அரசு சொன்னதன் பேரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். சுதந்திரமான பத்திரிகையாளர்களுக்குப் போர்முனைக்குள் அனுமதி இல்லை. உள்ளே லட்சக்கணக்கான மக்கள். வெளியே சாட்சி இல்லை. போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் சொன்னது. தங்கள் அமைப்பு அந்த மக்களைக் கைவிட்டதை ஐ.நா.வின் உள் விசாரணை அறிக்கையே 2012இல் ஒப்புக்கொண்டது. காமிராவை வெளியே நிறுத்திவிட்டு நடந்த போர் அது. பின்னால் வெளிவந்த காட்சிகளில் சில, கொன்றவர்களே வெற்றிச் சின்னமாகத் தங்கள் செல்போனில் எடுத்துக்கொண்டவை.

ஆகவே படம் வேண்டும். ஆனால் எதற்கு வேண்டும் என்பதில் தெளிவு தேவை. படம் முதலில் ஒரு சாட்சியம். சாட்சியத்துக்கு முகவரி உண்டு. அது நீதிமன்றத்துக்கு, விசாரணைக் குழுவுக்கு, தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவருக்குப் போய்ச் சேர வேண்டிய பொருள். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டவும் ஆய்வு செய்யவும் பாதுகாக்கவும் ஓர் ஏற்பாட்டை உருவாக்கியது. அங்கே இந்தப் படங்களுக்கு வேலை இருக்கிறது. தேதி, இடம், எடுத்த கருவி, படத்தில் இருப்பவர் யார் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். யாரும் அழ மாட்டார்கள். கண்ணீரைவிட அந்த உலர்ந்த வேலை இறந்தவருக்குச் செய்யும் மரியாதை பெரியது என்று எனக்குப் படுகிறது.

நம் ஃபீடுக்கு வரும் படமோ முகவரி கிழிக்கப்பட்ட சாட்சியம். எங்கே, எப்போது, யார் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்து, வெறும் துயரம் மட்டும் வந்து சேர்கிறது.

*

2024இன் தொடக்கத்தில் திருவள்ளூரில் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். வந்தவர்களில் ஓர் அண்ணன் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வருகிறவர். முகாம் ஆண்கள் நிறையப் பேருக்குப் பெயிண்டிங்தான் தொழில். திருகோணமலைப் பக்கம் அவர் ஊர். 1990இல், ஒன்பது வயதில், படகில் வந்து இறங்கியவர். அவர் ஹாலில் பட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது டிவியில் காஸா ஓடிக்கொண்டிருந்தது. மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் ஓடுகிறார்கள். அம்மா, "ஐயோ பாவம், எப்படி ஓடுதுங்க பாரு" என்றாள். அவர் திரும்பவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. "அண்ணே, சேனலை மாத்திரட்டுமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி" என்றார். "ஓடேக்க எல்லாரும் பாப்பினம். ஓடி வந்து நிண்ட பிறகுதான் ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

சொல்லிவிட்டு, சுவிட்ச் போர்டு மேல் ஒட்ட பழைய பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

இதைவிடத் துல்லியமாக இந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. போர்ப் படம் என்பது பெரும்பாலும் ஓடுகிறவரின் படம், இல்லாவிட்டால் விழுந்தவரின் படம். இரண்டும் ஒரு கணத்தில் முடிந்துவிடுகின்றன. ஆனால் போரிலிருந்து தப்பியவரின் வாழ்க்கையில் ஓடிய நேரம் மிகக் குறைவு. மிச்சமெல்லாம் நின்றுகொண்டிருந்த நேரம். நிற்பதைப் படம் பிடித்தால் அதில் என்ன தெரியும்? ஒரு சின்ன வீடு, தண்ணீர்க் குடங்கள், காயப்போட்ட துணி. எந்த அல்காரிதமும் அதை மேலே தள்ளாது.

படத்தில் வராதவற்றைச் சொல்லிப் பார்க்கிறேன். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2021 கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000க்கும் அதிகமான ஈழத்தமிழர்கள் இருந்தார்கள். முகாமில் குறித்த நாளில் தணிக்கை நடக்கும். அன்றைக்கு ஆள் நேரில் நிற்க வேண்டும். பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போயிருந்தால் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது. குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அகதி முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நல்ல காரியங்கள்தான். ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை.

அந்த அண்ணனின் மகள் 2003இல் இதே மாவட்டத்தில் பிறந்தவள். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பே போதும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் வரை போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டது செய்தியானது. அதே முகாமில் இரண்டு வருஷம் கழித்துப் பிறந்திருந்தால் அந்த வழி அவருக்கு இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என மூன்று நாடுகள் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்திருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, உரிய ஆவணமில்லாமல் இருப்பதற்கான தண்டனைகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. தண்டிக்க மாட்டோம் என்பதும் நீ எங்கள் ஆள் என்பதும் ஒன்றில்லை.

இந்தப் பத்தியைப் படிக்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் சலிப்பு வந்திருக்கலாம். தேதி, சட்டம், தொகை. பாலச்சந்திரன் படத்தைப் பற்றிப் படித்தபோது வராத சலிப்பு. நான் சொல்ல வந்ததற்கு அந்தச் சலிப்பே சாட்சி. போர்க் காட்சிகள் நம்மிடமிருந்து இரக்கத்தைப் பறிக்கவில்லை. இரக்கத்துக்கு ஒரு ருசியைப் பழக்கிவிட்டன. ரத்தம் தெரிந்தால் மனசு எழுந்து நிற்கிறது. வரிசையில் நிற்கும் துயரத்தைப் பார்த்தால் கொட்டாவி வருகிறது.

*

ஆடம் ஸ்மித் 1759இல் எழுதிய அறநூலில் ஒரு கற்பனை வருகிறது. சீனாவே பூகம்பத்தில் அழிந்துபோனதாகக் கேள்விப்படும் ஓர் ஐரோப்பியன் வருத்தப்படுவான், தத்துவம் பேசுவான், பிறகு நிம்மதியாகத் தூங்கிவிடுவான். ஆனால் நாளைக்குத் தன் சுண்டுவிரலை இழக்கப்போகிறான் என்றால் இரவெல்லாம் தூக்கம் வராது. தூரத்துத் துயரம் நம்மைத் தொடுவதில்லையே என்பது ஸ்மித்தின் காலத்துக் கவலை. நம் காலத்தின் வினோதம் வேறு. தூரத்துத் துயரம் நம் படுக்கைக்கே வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாது.

காரணம் எளிது. படத்தில் இருப்பவர் நம்மிடம் எதுவும் கேட்க முடியாது. அவரோடு அரசியல் முரண்பாடு வராது. அவர் எப்போதும் குற்றமற்றவர், எப்போதும் நன்றியுள்ளவர். பக்கத்தில் இருப்பவர் அப்படி இல்லை. வாடகைக்கு வீடு கேட்பார், அட்வான்ஸைக் குறைக்கச் சொல்வார், கூலியைக் கூட்டிக் கேட்பார். நமக்குப் பிடிக்காத கட்சியைப் பிடிக்கும் என்பார். 'கேம்ப் ஆளுங்களுக்கு வீடு தர்றதில்ல' என்று சொல்லும் வீட்டுக்காரரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மே மாதமானால் முள்ளிவாய்க்கால் மெழுகுவர்த்தி எரிவதை நான் பார்த்திருக்கிறேன். அவரை நடிகர் என்று நினைக்கவில்லை. இரண்டுமே அவருக்கு நிஜம்தான். படத்துக்கான மனசும் ஆளுக்கான மனசும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

இது ஈழத்தமிழரோடு முடிகிற விஷயமும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் ஒடிசா, பீகார்ப் பையன்கள் டீக்கடை பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஃபீடிலும் அதே போர்தான். அந்தக் குழந்தைக்காக அவர்களும் நாமும் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டுகிறோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து. இரும்பாலை உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற அந்தப் பையனின் கையில் ஏன் கட்டுப்போட்டிருக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

'அப்போ காஸாவ விட்டுட்டு நம்ம ஆளுங்கள மட்டும் பாருன்றியா?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான சந்தேகம். முதலில் நம் ஜனம் என்பது அக்கறையின்மைக்குப் போடப்படும் பழைய வேஷம். நான் சொல்வது அது இல்லை. கும்மிடிப்பூண்டியைப் பார்ப்பது காஸாவுக்குப் பதிலாக இல்லை. காஸாவுக்கும் சூடானுக்கும் நாளை என்ன தேவைப்படும் என்பதைக் கும்மிடிப்பூண்டியில்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒரு போரின் மீதான அக்கறை எத்தனை வருஷம் நீள வேண்டியிருக்கும் என்பதற்கு நம் கைக்கு எட்டும் தூரத்தில் 35 வருஷக் கணக்கு ஒன்று இருக்கிறது. போர் நிறுத்தம் வந்த அன்று ஃபீட் வேறு இடத்துக்குப் போய்விடும். ஓடி நின்றவர்களின் வேலை அன்றைக்குத்தான் தொடங்கும்.

அதனால் குறைவாகப் பாருங்கள், நிறையப் பாருங்கள் என்ற இரண்டு அறிவுரையிலும் எனக்கு ஆர்வமில்லை. ஒரு படம் கண்ணில் பட்டால் இரண்டு கேள்வி கேட்கலாம். இது யாருக்குப் போய்ச் சேர வேண்டிய சாட்சியம்? இதில் இருப்பவர் பிழைத்துக்கொண்டால் பத்து வருஷம் கழித்து எந்த ஊரில், எந்தக் காகிதத்துக்காக நின்றுகொண்டிருப்பார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் யோசிக்க ஆரம்பித்தால் ரன்புக் மெல்ல நிரம்பும். நாடாளுமன்ற உறுப்பினரிடம் குடியுரிமையைப் பற்றி எழுதிக் கேட்கலாம். முகாமில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளையின் ரெஸ்யூமேயை நம் அலுவலகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். வீடு காலியாக இருந்தால் கொடுக்கலாம். இதில் எதையும் ஸ்டேட்டஸில் வைத்தால் ஒருவர்கூட நின்று பார்க்க மாட்டார்.

அந்த அண்ணனின் மகள் இப்போது பி.காம். முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். அரசுத் தேர்வு விளம்பரம் வரும்போதெல்லாம் தகுதிப் பகுதியில் முதல் வரியைப் படித்துவிட்டு மூடிவிடுவாளாம். அவள் பிறந்ததிலிருந்து ஒரு குண்டுச் சத்தமும் கேட்டதில்லை. அவளைப் படம் எடுத்தால் அதில் போர் தெரியாது.